கண்ணு சகோதரர்கள் நால்வர்

கடல் தாண்டிப் பதுளைக்கு நான் பறவை பார்க்கப் போனதாகத்தான் அக்கம்பக்கத்தில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பறவை பார்த்தது உண்மை. எல்லாம் செத்த பறவைகள். காப்பித் தோட்டக் காலத்தில் வெள்ளைக்காரத் துரை ஒருவர் சுட்டு வீழ்த்தி, யாரோ ஒரு தமிழனை உட்கார வைத்து நீர்வண்ணத்தில் வரைந்து வாங்கிய பறவைகள். அந்தப் படங்கள் கப்பலேறி லண்டன் போய், ஏலத்தில் கைமாறி, திரும்பி வந்து பண்டாரவளைக்கு மேலே அதே துரை பங்களாவில் தொங்குகின்றன. பங்களா இப்போது ஓட்டல். ஓட்டல்காரர்கள் அந்தப் படங்களை வைத்து மும்மொழியில் ஒரு புத்தகம் போடுகிறார்கள். அச்சடிப்பது சென்னையில் நான் பிழை திருத்தும் அச்சகம்.

தமிழ்ப் பக்கங்களை எழுத வேண்டும், அச்சு நிறத்தை அசலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இதுதான் எனக்கு இட்ட வேலை. மூக்குக்கு மேல் கோபம் வருகிறவள் நான் என்று முதலாளிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அனுப்பினார். அனுபவிக்கட்டும்.

பதுளையில் முதலாளியின் தூரத்துச் சொந்தக்காரர் நடராஜா அண்ணன் வீட்டில் தங்கினேன். பஜாரில் புடவைக்கடை வைத்திருக்கிறார். தாத்தா காலத்தில் காரைக்குடிப் பக்கமிருந்து வந்த குடும்பம். காலையில் பாணும் பருப்பும் தேங்காய்ச் சம்பலும் வைத்தார்கள். நாம் பிரெட் என்பதை இங்கே பாண் என்கிறார்கள். நம் ஊரில் அதைக் காய்ச்சல்காரருக்குத்தான் கொடுப்போம். இங்கே தேங்காய்ப்பாலில் வெந்த பருப்பில் தோய்த்துச் சம்பலைத் தொட்டுச் சாப்பிட்டால், காய்ச்சல்காரர் எழுந்து இன்னொரு துண்டு கேட்பார்.

தகராறு தேநீரில்தான். கண்ணுக்கு எட்டிய மலையெல்லாம் தேயிலை. ஆனால் பஸ் நிலையத்துக்கு எதிரே கடையில் குடித்த தேநீர் கழுவிவிட்ட தண்ணீர் மாதிரி இருந்தது. கடைக்காரர் அதில் பால்மாவைக் கரைத்து மானத்தைக் காப்பாற்றியிருந்தார்.

"நல்லதெல்லாம் கப்பல் ஏறிப் போயிடும், தங்கச்சி. நமக்கு மிஞ்சுறது தூள்தான்" என்றார் அண்ணன்.

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு எரிந்தது. நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து, "அங்க போய்ச் சண்டை கிண்டை போட்டுறாதீங்க" என்றும் சொன்னார். என் முதலாளி முன்கூட்டியே போன் செய்திருப்பார் போல.

எல்ல என்கிற ஊர் வரைக்கும் பண்டாரவளை ரயிலில் உட்கார இடமில்லை. அதற்குப் பிறகும் இல்லை. பெட்டியின் இரண்டு வாசல்களிலும் வெளிநாட்டுப் பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு உடம்பை வெளியே வீசித் தொங்கினார்கள். எதிரே இன்னொருவர் படமெடுத்தார். எங்கள் ஊரில் படிக்கட்டில் தொங்கினால் போலீஸ் அபராதம் போடும். இங்கே விமானமேறி வந்து தொங்குகிறார்கள். சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்து ஒரு பெண் "எவ்வளவு வண்ணம்!" என்று கூவினாள். அந்த வண்ணம் எல்லாம் மழைக்கும் அட்டைக்கும் பயந்து இடுப்பில் சுற்றிக்கொண்ட பிளாஸ்டிக் படுதா என்று அவளிடம் யார் சொல்வது?

ஒரு வளைவில் ஒரு பையனின் தொப்பி பறந்தது. அடுத்த நிலையத்தில் அவன் இறங்கித் தண்டவாளத்தோடு பின்னால் ஓடினான். ரயில் அவனுக்காகக் காத்து நின்றது. வடை விற்ற அம்மாள் சிங்களத்தில் ஏதோ சொல்ல, பெட்டியில் உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். என்னவென்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டேன். "தொப்பிக்காக ரயில் நிக்குது. போன வாரம் இந்தம்மா கூடையோட ஓடி வந்தப்போ நிக்கலையாம்" என்றார். நான் சிரிக்கவில்லை. வடை மட்டும் வாங்கிக்கொண்டேன். இறால் வைத்த வடை, நன்றாக இருந்தது.

பங்களா அழகாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். மேனேஜர் கொழும்புக்காரர், இஸ்திரி கலையாத சட்டை, ஆங்கிலம் மட்டும் பேசினார். அவர் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"எங்கள் ஓவியர்கள் சகோதரர்கள். நான்கு பேர். கண்ணு சகோதரர்கள். இந்தத் தோட்டத்துக் கூலிகளாக இருந்தவர்கள், மேடம். கடவுள் அவர்களின் விரல்களில் இருந்தார்."

நான்கு பெரிய அறைகளுக்கு நான்கு சகோதரர்களின் பெயர். கதவுகளில் பித்தளைப் பலகை, ஆங்கில எழுத்தில். கண்ணு செவப்பு. கண்ணு மஞ்ச. கண்ணு வெள்ள. கண்ணு காப்பி. விருந்தாளிகளுக்காக ஏதோ வேடிக்கையாக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து நானும் சிரித்துவைத்தேன். அந்த நேரம் பார்த்து கண்ணு செவப்பு அறையிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வெளியே வந்தார். ராத்திரி குடித்ததில் இரண்டு கண்ணும் கோவைப்பழமாக இருந்தன. பொருத்தமான அறைதான் கொடுத்திருக்கிறார்கள்.

பிறகு படங்களைப் பார்த்தேன். ஒரு குயிலின் கறுப்பில் நீலமும் பச்சையும் ஓடியது. ஆந்தையின் மார்பில் ஒவ்வொரு இறகும் தனித்தனியாக எழுந்து நின்றது. ஆனால் கால்களைப் பாருங்கள்: விரல்கள் கிளையைப் பிடிக்கவே இல்லை. சுட்ட பறவையை நூலில் கட்டி நிறுத்திவிட்டு, அதற்குக் கீழே கிளையை வரைந்திருக்கிறான். செத்ததை உயிரோடு இருப்பதாகக் காட்டச் சொன்ன துரைக்கு, கால் விரல்களில் மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கிறான்.

ஒவ்வொரு படத்தின் அடியிலும் தமிழில், பென்சிலில், இரண்டு சொல். குயிலின் கீழே: கண்ணு செவப்பு. ஆந்தையின் கீழே: கண்ணு மஞ்ச. மலை மைனாவின் கீழே: கண்ணு காப்பி.

பறவை செத்தால் இறகின் நிறம் கிடக்கும். கண்ணின் நிறம் போய்விடும். கொஞ்ச நேரத்தில் மங்கி, வற்றி, கடைசியில் பஞ்சு வைத்து அடைப்பார்கள். அதனால் கண் ஈரமாக இருக்கும்போதே அதன் நிறத்தை யாரோ தாளில் குறித்துவைத்திருக்கிறார்கள், பிறகு பார்த்துத் தீட்டுவதற்காக. அவ்வளவுதான். இதை எவனோ, எழுத்து தெரிந்து பாஷை தெரியாதவன், கையெழுத்து என்று படித்துவிட்டான். ஏலக்காரர்கள் அதை நான்கு அண்ணன் தம்பிகளாக்கிவிட்டார்கள்.

மேனேஜர் விடாமல் விளக்கினார். "மூத்தவர் கண்ணு செவப்பு. குயில், செம்பகம் என்றால் அவருக்கு உயிர். கண்ணு மஞ்ச இரவுப் பிறவி, ஆந்தைகளை மட்டுமே வரைந்தார். கண்ணு வெள்ள பாவம், ஒரே ஒரு படம்தான் கிடைத்திருக்கிறது. இளம் வயதில் இறந்திருக்க வேண்டும்."

துரை சுட்டதில் வெள்ளைக் கண் உள்ள பறவை ஒன்றே ஒன்று. அதற்காக ஒரு மனிதனை வளர்த்து, வரையவிட்டு, இளம் வயதில் கொன்றும் போட்டிருக்கிறார்கள். துரையின் பெயர் மட்டும் ஒவ்வொரு சட்டத்திலும் பொன்னெழுத்தில் பிழையில்லாமல் இருக்கிறது.

வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் மேனேஜர் என்னை வெளி வராந்தாவுக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு பெண் முதுகில் கொழுந்துக் கூடையோடு உட்கார்ந்து செம்பகம் ஒன்றை வரைந்துகொண்டிருந்தாள். எங்கள் பக்கம் அதைச் செம்போத்து என்போம். "கண்ணு செவப்புவின் கொள்ளுப்பேத்தி" என்று அறிமுகம் செய்துவிட்டு, போன் வந்ததால் அவர் உள்ளே போனார்.

"கொஞ்சம் இருங்கக்கா, கூடையை அவுத்துர்றேன். முதுகு கடுக்குது" என்றாள் அவள்.

பெயர் மகேஸ்வரி. முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். பண்டாரவளையில் ஏ.எல். வரை, நம் பிளஸ் டூ மாதிரி, சித்திரம் படித்தவள். கோயில் சுவரும் கடைப் பலகையும் எழுதிக்கொண்டிருந்தவள். கொழுந்து பறிக்க ஒரு நாளும் போனதில்லை.

"எங்கம்மா பறிச்சாங்க. எனக்கு வரவே வராது. ஆனா வெறுங்கையோட உக்காந்தா தோட்டத்துப் பிள்ளைன்னு வெள்ளைக்காரங்களுக்கு வெளங்காதாம். அப்பா பேரு கண்ணுசாமி. அதைக் கேட்டதும் பேத்தியாக்கிட்டாங்க."

"கீழ எழுதியிருக்கறது பேரு இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்னக்கா? தமிழ்லதானே படிச்சேன். மொத நாளே தெரியும்."

"தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?"

"சொன்னா பேத்திக்கு ஏது வேலை?"

அவள் வரையும் நகல்கள் ஓட்டலின் கடையில் விற்பனைக்கு இருக்கின்றன. எல்லாம் கண்ணு சகோதரர்கள் பெயரில். அந்தக் கடைக்குள் கால் வைக்க எனக்கு மனமில்லை. புத்தகத்தின் அட்டைக்கும் அவள் வரைந்த செம்பகத்தையே எடுத்திருக்கிறார்கள், அசலைப் பூச்சி அரித்துவிட்டதால். அதிலும் அவள் பெயர் கிடையாது.

"போன வருசம் ஒரு வெள்ளைக்காரம்மா கடையில வாங்கிட்டு வந்து எங்கிட்டயே காட்டுது. 'இது செத்துப்போன உங்க தாத்தா வரைஞ்சது, பத்திரமா வச்சுக்குவேன்'னு கண்ணு கலங்குது. அதுக்கு நான் பூசின சாயம் அப்பத்தான் காஞ்சிருக்கும்." தூரிகையைத் தண்ணீரில் அலசினாள். "அக்கா, நீங்கதானே தமிழ்ப் பக்கம் எழுதுறீங்க? என் பேரை ஒரு எடத்துல போட வையுங்க. சின்ன எழுத்துல இருந்தாலும் பரவால்ல. அச்சுல வரணும்."

மறுநாள் அவளுக்கு விடுமுறை. லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, வரச் சொல்லியிருந்தாள். ஆட்டோ பாதி மலையில் சேற்றில் புதைந்தது. ஓட்டுநரும் நானும் தள்ளினோம். என் செருப்பு ஒன்று சேற்றோடு போய்விட்டது. மேலே நின்று மூச்சு வாங்கியபோது அவர் மலைகளுக்கு அப்பால் கையைக் காட்டினார். "மீரியபெத்த அந்தப் பக்கங்க" என்றார். மண் சரிந்து லயங்களை மூடிய இடம். மகேஸ்வரி இருந்த லயத்தின் பின்சுவரிலும் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு ஓடியது. மழை பெய்தால் பிள்ளைகளோடு கோயிலில் போய்ப் படுப்பார்களாம். துரை பங்களாவை மட்டும் அந்தக் காலத்திலேயே பாறை பார்த்துக் கட்டியிருக்கிறார்கள்.

தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும் தந்தார்கள். உறைப்பில் கண்ணீர் வந்தது. மகேஸ்வரியின் அம்மா என் கணுக்காலில் ஒட்டியிருந்த அட்டையைச் சுண்ணாம்பு தடவி எடுத்தார். "புது ரத்தம்னா அதுக்குக் கொண்டாட்டங்க" என்றார். சாப்பிட்டுக்கொண்டே நான் பொங்கித் தீர்த்தேன். எல்லாவற்றையும் எழுதப்போகிறேன், தமிழிலும் எழுதுவேன், ஆங்கிலத்திலும் எழுதுவேன், அந்த நான்கு பித்தளைப் பலகையையும் கழற்ற வைக்காமல் ஊருக்குத் திரும்ப மாட்டேன் என்றெல்லாம்.

மகேஸ்வரிக்கு முகம் மாறியது.

"நீங்க கோவமா எழுதிட்டு ரயிலேறிடுவீங்க, அக்கா. நாளைக்கு எனக்குக் கூடைதான் மிஞ்சும், நெசமாவே கொழுந்து பறிக்கிற கூடை. நான் உங்ககிட்ட நாயம் கேக்கல. பேரு கேட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. என் கோபத்துக்கு அவள் சோற்றைப் பணயம் வைக்க நான் யார்? பெயரை மட்டும் கேட்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

அடுத்த நாள் மேனேஜர் என்னைப் புல்வெளியில் உட்கார வைத்து வெள்ளிக் கெண்டியில் தேநீர் வரவழைத்தார். தேன் நிறம், பூ வாசனை. வந்த நாளிலிருந்து நான் குடித்த முதல் நல்ல தேநீர். அது நன்றாக இருந்ததற்கும் சேர்த்து எனக்குக் கோபம் வந்தது.

பணிவாகத்தான் கேட்டேன். அட்டைப்படத்தை வரைந்தவர் மகேஸ்வரி, உள்பக்கத்தில் ஒரு வரி போடலாமே என்றேன்.

"முடியாது, மேடம். அந்தப் படம் கண்ணு சகோதரர்களின் மரபில் வந்தது. நடுவில் இன்னொரு பெயர் வந்தால் வாசகர் குழம்புவார்."

"கண்ணு சகோதரர்களைப் பற்றி உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டேன். கொடுத்த வாக்குக்காக அதற்குமேல் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஓ, நீங்களும் படித்துவிட்டீர்களா? போன வருடமே ஒரு தமிழ் விருந்தாளி சொல்லிவிட்டார். கண், சிவப்பு, மஞ்சள். தெரியும். ஆனால் துண்டு, தலையணை எல்லாவற்றிலும் பெயரைத் தைத்தாகிவிட்டதே. யோசித்துப் பாருங்கள், இதுதான் எல்லோருக்கும் வசதி. விருந்தாளிக்கு ஒரு கதை கிடைக்கிறது. இல்லாத ஆள் பங்கு கேட்டு வரமாட்டான். அந்தப் பெண்ணின் பெயரைப் போட்டால் நாளைக்கு வருவாள்."

தெரியாமல் செய்கிறார்கள் என்று நினைத்துத்தான் இரண்டு நாளாகக் கொதித்தேன். தெரிந்தே செய்கிறார்கள். வரைந்தவன் செத்துப்போய்ப் பெயரில்லாமல் இருக்கிறான், அவன் இடத்தில் பிறக்காதவனை உட்கார வைக்கிறார்கள். வரைகிறவள் உயிரோடு வராந்தாவில் இருக்கிறாள், அவளைப் பிறக்காதவனுக்குப் பேத்தியாக்குகிறார்கள். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று பரிமாறிக்கொண்டிருக்கிற இந்த ஆளிடம் நான் பணிந்து பேசியிருக்கிறேன். கோப்பையை வைத்த வேகத்தில் தட்டு விரிசல் விட்டது. வருத்தப்படவில்லை.

வராந்தாவுக்குப் போய் மகேஸ்வரியிடம் நடந்ததைச் சொன்னேன். மேனேஜர் எல்லாம் தெரிந்தே செய்கிறார் என்றதும் அவள் தூரிகையைக் கீழே வைத்தாள்.

"தெரியுமா அவருக்கு?" என்றாள். பிறகு மெதுவாக, "முழுசாத் தெரியாது" என்றாள்.

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் மடியில் வைத்தாள். அட்டைக்கு எடுத்த அதே செம்பகம். மேனேஜரின் கணினியில் சின்னதாகப் பார்த்திருக்கிறேன், நிறத்தை மட்டும். அடியில் பென்சில் வரி, அசலில் இருப்பது போலவே சாய்ந்த பழைய எழுத்து. படித்தேன்.

கண்ணு செவப்பு. கை மகேஸ்வரி.

இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடினாளாம் ஒருத்தி. பிழை திருத்துகிறவள் நான், வரி வரியாகப் படித்தே வயிறு வளர்ப்பவள், இந்த ஒரு வரியைப் படிக்கவில்லை.

"எல்லாப் படத்துலயும் இப்படியா?"

"மொதப் படத்துலேர்ந்தே. ஆந்தையா இருந்தா மஞ்ச, மைனாவா இருந்தா காப்பி. கை மட்டும் மாறாது. கையெழுத்து ஏன் நீளமா இருக்குன்னு சார் ஒருக்கா கேட்டாரு. 'அது முழுப் பேருங்க சார்'னேன். ரொம்ப சந்தோசம் அவருக்கு."

"இங்க வேலை செய்யற நம்ம ஆளுங்க யாரும் படிக்கலையா?"

"எல்லாரும் படிச்சாங்க. சாப்பாடு வைக்கிறவரு, அறை கூட்டுறவங்க, எல்லாரும். ஒருத்தரும் வாய் தொறக்கல."

"பின்ன எங்கிட்ட எதுக்கும்மா கேட்ட?"

"இது கள்ளத்தனமா எழுதினது, அக்கா. வெளிச்சத்துல ஒரு தடவ வரட்டும்னு பாத்தேன். அது நடக்கல. போன வருசம் காலண்டர் அடிச்சப்போ அந்த வரியையும் வெட்டிட்டாங்க, எடம் பத்தலன்னு. இந்த அட்டையிலயாவது வெட்டாம விடச் சொல்லுங்க."

"புத்தகம் வந்தப்புறம் யாராவது படிச்சுச் சொல்லிட்டா?"

"சொல்லட்டும். வேலைய விட்டு நிறுத்தினா, அட்டையில பேரு இருக்கிறவளை நிறுத்திட்டாங்கன்னு ஊரு பேசும். இப்போ நிறுத்தினா யாரை நிறுத்தினாங்கன்னே தெரியாதுல்ல."

கூடையைக் காட்டி, கட்டிவிடச் சொன்னாள். விருந்தாளிகள் மதியச் சாப்பாடு முடித்து வரும் நேரம். கட்டிவிட்டேன். அந்தக் கயிற்றை முடிச்சுப் போட்டபோது என் கைக்கு வந்த ஆத்திரம் இன்னும் இறங்கவில்லை.

சென்னைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அட்டையைச் செய்யும் பையனிடம் போனேன். படத்தின் அடியில் ஒரு நூலளவு வெட்டினாலும் கையை முறிப்பேன் என்றேன். முறிக்கமாட்டேன் என்று அவனுக்குத் தெரியும், ஆனாலும் வெட்டவில்லை. தமிழ்ப் பக்கத்தில் சகோதரர்களைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. "இந்தப் பறவைகளை வரைந்தவரின் பெயரைத் துரை எழுதி வைக்கவில்லை. அட்டைப்படத்தை வரைந்தவர் பெயர் அட்டையிலேயே இருக்கிறது" என்று எழுதினேன். மேனேஜர் தமிழ்ப் பக்கத்துக்கு ஒரே நாளில் சம்மதம் அனுப்பிவிட்டார். படிக்க முடியாததில் பிழை கண்டுபிடிக்க முடியாதல்லவா?

அந்த முதல் மனிதனின் பெயர் எனக்குக் கிடைக்கவில்லை, இனி யாருக்கும் கிடைக்கப்போவதில்லை. குயிலின் கறுப்பில் நீலத்தைக் கண்டவன். அவனை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

அட்டையின் மாதிரியைப் பார்த்துவிட்டு மேனேஜர் பதில் போட்டிருந்தார். மிகவும் அருமை, ஒரே ஒரு குறை, ஓவியரின் கையெழுத்து சிறிதாகத் தெரிகிறது, அதுதான் எங்கள் பெருமை, பெரிதாக்க முடியுமா என்று கேட்டிருந்தார்.

மகேஸ்வரிக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். அந்தப் பக்கம் மழை பெய்கிற ஓசை கேட்டது.

"சார் சொன்னா செய்யத்தானே வேணும், அக்கா" என்றாள்.

பெரிதாக்கினேன். இப்போது அது செம்பகத்தின் வாலைவிட நீளமாக இருக்கிறது.